சாட்சிக் கட்டை

கதவைத் தட்டிய விதத்திலேயே வந்த ஆள் கோபத்தில் இருப்பது தெரிந்தது. அண்ணி கதவைத் திறந்தாள். வாசலில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவளுக்கு இரண்டு படி கீழே, சட்டைப் பையில் அளவு நாடாவைச் சுருட்டி வைத்திருந்த ஒரு மெலிந்த மனிதர். கூப்பிட்டால் வரலாம், விரட்டினால் போய்விடலாம் என்பது போல நின்றார்.

“சர்வேயர் அம்மா வீடு இதுதானே?” என்று பெண் கேட்டாள். “நாளைக்குப் பத்து மணிக்குள்ள எனக்கு உதவி வேணும். பத்து மணிக்கு மேல வேண்டாம்.”

“அப்படியே வாசல்லயே நின்னு சொல்லப் போறியா, இல்ல உள்ள வந்து சொல்றியா?” என்றாள் அண்ணி.

சர்வேயர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, உடைந்த இயந்திரங்களைப் புரட்டிப் பார்த்துத் தவறு யாருடையது என்று எழுதிக் கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. ஜனங்கள் வருவது ஓயவில்லை. அண்ணி அவருடைய அண்ணன் மனைவி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவள். அழைப்புகளை எண்ணி எண்ணிப் பழகிய பழக்கம் போகவே இல்லை. படிக்கட்டு, ஜன்னல் கம்பி, பக்கத்து வீட்டுக் கொடித் துணி, எதையும் எண்ணாமல் விடமாட்டாள். துப்பறிவதில் நாத்தனாரைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

பெண் ஒரு கடிதத்தையும், கைக்குட்டையில் சுற்றிய ஓர் உலோகத் துண்டையும் மேசைமேல் வைத்தாள். விரல் நீளத்துக்குப் பட்டையான துண்டு. லிஃப்ட் கதவைப் பூட்டும் தாழ்ப்பாளின் நாக்கு என்றாள். லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் கதவு திறக்காமல் இருப்பது இந்த நாக்கு விழுந்து பூட்டிக்கொள்வதால்தான். பன்னிரண்டு நாள் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு நாக்கு பள்ளத்துக்குள் சிக்கி, விழாமல் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த மெக்கானிக் கையை உள்ளே விட்டிருந்தபோது திடீரென்று விழுந்தது. அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

“நாக்கைச் செஞ்சது எங்க கம்பெனி. கணக்குப் போட்டது நான்” என்றாள். “கணக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டு நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடணுமாம். போட்டா வேற பிரிவுக்கு மாத்திடுவாங்க, வேலை தங்கும். போடலைன்னா போலீஸ்ல என் பேரைக் குடுத்துடுவாங்க. அப்பா போட்டுடுன்னு சொல்றார்.”

அப்பா தையல்காரர். ஒரே மகளைப் பொறியியல் படிக்க வைத்தவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போலீஸ் என்ற சொல் என்ன செய்யும் என்பது மாதச் சம்பளக்காரர்களின் பிள்ளைகளுக்கு விளங்காது. அவர்களுக்கு வழக்கு என்றால் வக்கீல். இவர்களுக்கு வழக்கு என்றால் தெரு முழுக்கப் பேச்சு.

சர்வேயர் அவளை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். அவள் சொன்னது இது. அந்தக் கம்பெனியில் உலோகத்தை உருக்கி ஊற்றுவதில்லை. மாவு போன்ற உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் பசையைத் தெளித்து, அடுக்கின்மேல் அடுக்காக ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் பொருளை எழுப்பும். அப்போது அது பச்சைப் பொருள். கையால் அழுத்தினால் பொடிந்துவிடும். பிறகு அதை உலையில் வைத்துச் சுடுவார்கள். பசை எரிந்து, தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பொருள் இறுகிச் சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும் அளவுக்குச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணினியில் மாடல் செய்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே பெரிதாக அச்சடிக்கச் சொல்வதுதான் அவள் வேலை. தொழிற்சாலையில் அவளுக்குச் ‘சுருக்கக்காரி’ என்று பெயர்.

“எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குமா?” என்று சர்வேயர் கேட்டார்.

“இல்ல. உலைச் சூட்டுல பொருள் இளகும். அதோட எடையே அதை மேலிருந்து கீழ அமுக்கும். அதனால உயரத்துல இருபது சதவீதம், பக்கவாட்டுல பத்தொன்பது. இந்த நாக்கைத் தட்டையா படுக்க வெச்சுச் சுடணும். அப்போ கனம்தான் உயரம். பச்சையில கனம் பத்து மில்லிமீட்டர், சுட்டா எட்டு. அகலம் பச்சையில முப்பது, சுட்டா இருபத்துநாலு புள்ளி மூணு. நாக்கு விழற பள்ளம் எட்டு புள்ளி ஒண்ணு ரெண்டு. தாராளமா விழணும்.”

இதுவரை வாய் திறக்காத தையல்காரர் மெதுவாகச் சொன்னார். “துணியும் அப்படித்தாங்க. நெட்டுல ஜாஸ்தி சுருங்கும், குறுக்குல கம்மி. அதுக்கு விட்டுத்தான் வெட்டுவோம். சில பேர் துணியை மிச்சம் பிடிக்க, நெட்டுக்கு வெட்ட வேண்டியதைத் திருப்பிக் குறுக்கால போட்டு வெட்டிடுவாங்க. தைச்சுக் குடுக்கறப்போ அழகாத்தான் இருக்கும். முதல் சலவையில கை குட்டையாயிடும்.”

“அப்பா, இது சட்டை இல்ல” என்றாள் மகள். அவர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

சர்வேயர் இழுப்பறையிலிருந்து காலிப்பரை எடுத்து நாக்கை அளந்தார். இது விபத்துக்குப் பிறகு லிஃப்ட் கம்பெனி திருப்பி அனுப்பிய, எந்த லிஃப்டிலும் மாட்டப்படாத துண்டு. கனம் எட்டு புள்ளி ஒன்று இருந்தது; பள்ளத்தில் உரசிச் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். அதை வாய்விட்டுச் சொன்னார். “நானும் அளந்தேன், அதேதான்” என்றாள் பெண். பிறகு அவர் இன்னொரு முறை அளந்து, எதையும் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதினார். அண்ணி எட்டிப் பார்த்தாள். ‘அகலம் 24.00’ என்று இருந்தது.

நாக்கைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார் சர்வேயர். அதன் இரண்டு அகலமான முகங்களும் சுத்தமாக இருந்தன. ஒரு குறுகிய விளிம்பில் மட்டும், செருப்பில் ஒட்டிய சேறு மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் புள்ளிகள்.

கடிதத்தையும் படித்தார். எழுதியவர் உற்பத்தி மேனேஜர். ‘நான்கு லோடுகளில் செய்யப்பட்ட 144 நாக்குகளும் கனத்தில் கூடுதலாக உள்ளன. காரணம், மாடலில் சுருக்கம் பிழையாகக் கணக்கிடப்பட்டதே.’ இவ்வளவுதான் சாரம். உலைக்கு ஒரு தடவை ஏற்றுவதற்கு லோடு என்று பெயர்.

“உன் கணக்குப்படி ஒரு லோடுக்கு எத்தனை?”

“இருபத்துநாலு. என் அறிக்கையில பதினாலாவது பக்கத்துல, எப்படி அடுக்கணும்னு படமே போட்டிருக்கேன்.”

“அதைப் படிச்சது யாரு?”

யார் படித்தார்கள் என்று அவள் கேட்டதே இல்லை.

“என்ன தோணுது, சொல்லுங்களேன்” என்று பெண் கேட்டாள். சர்வேயர் காலிப்பரைத் துடைத்து வைத்தார். “இப்பச் சொன்னா நீ இன்னிக்கே போய்க் கத்துவே. உலைக்கூடத்தைப் பாக்காம நான் சொல்றதா இல்ல” என்றார்.

*

தொழிற்சாலை முதலாளிக்குச் சர்வேயரை முன்பே தெரியும்; ஒரு தீ விபத்தின்போது தொழிற்சாலையின் நஷ்டக் கணக்கை நேர்மையாக எழுதிக் கொடுத்தவர். போனில் கேட்டதும் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். மத்தியானம் அண்ணியின் பழைய காரில் நாலு பேரும் போனார்கள். தையல்காரர் வரமாட்டேன் என்றார். மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்ததே இல்லையா என்று அண்ணி கேட்டதும் ஏறிக்கொண்டார்.

மூன்று மாடிக் கட்டடம். அலுவலகம் மூன்றாவது மாடியில். உலைக்கூடம் கீழே, பின்பக்கம். மேனேஜர் வாசலுக்கே வந்திருந்தார். கனத்த உடம்பு, வலது முழங்காலில் பேண்ட்டுக்கு மேலேயே ஒரு பட்டை கட்டியிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பெண் கெட்டிக்காரி, வயது கம்மி, தவறு யாருக்கும் வரும், அவளைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதமே என்றார். பிறகு லிஃப்டின் பொத்தானை அவரே அழுத்தினார்.

“நீங்க இதுல வாங்க. நான் படியில வரேன்.”

லிஃப்டுக்குள் பெண் கதவைச் சுட்டிக் காட்டினாள். முதல் லோடில் வந்த முதல் நாக்கை இந்த லிஃப்டில்தான் மாட்டியிருக்கிறார்களாம், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு நிமிடம் கோபத்தை மறந்தது. அப்பா கதவைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாவது மாடியில் அவர்கள் காத்திருந்து, அண்ணி மேலிருந்து எட்டிப் பார்த்து நாற்பத்தெட்டுப் படிகள் என்று எண்ணி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேனேஜர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தது.

அவர் ஒரு தட்டில் ஐந்து சிறிய கனசதுரங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு லோடோடும் ஒரு கனசதுரத்தைச் சேர்த்துச் சுடுவார்கள். உலை சரியாக வேலை செய்ததா என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதற்குச் ‘சாட்சிக் கட்டை’ என்று பெயர். பொருள்களை ஒவ்வொன்றாக அளப்பதில்லை. சாட்சிக் கட்டை சரியாக இருந்தால் லோடு முழுவதும் சரி என்று வெளியே போகும். சர்வேயர் ஐந்தையும் மூன்று பக்கமும் அளந்தார். எல்லாம் சொல்லி வைத்தாற்போல் இருபது மில்லிமீட்டர்.

“பாத்தீங்களா” என்றார் மேனேஜர். “சாட்சி சரியா இருக்கு. அப்போ உலையில தப்பு இல்ல. நாக்குல மட்டும்தான் தப்பு. நாக்குக்குக் கணக்குப் போட்டது யாரு?”

பெண்ணின் மேசை ஜன்னலோரம் இருந்தது. வாசலுக்கு முதுகு காட்டிய நாற்காலி. கணினியின் தோளில் பெரிய ஹெட்ஃபோன் ஒன்று தொங்கியது.

உலைக்கூடத்துக்கு இறங்கியபோது அவள் தயங்குவதைச் சர்வேயர் கவனித்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குச் சுற்றிக் காட்டியபோது வந்ததுதான், அதற்குப் பிறகு வந்ததில்லை என்றாள். யாரும் வருவதில்லையாம். மேலே இருப்பவர்கள் கீழே வருவதில்லை; கீழே இருப்பவர்கள் மேலே வந்தால் செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே கம்பெனிதான். ஒரே வாசல்தான்.

உலைக்காரர் ஐம்பது வயது மனிதர். “நல்லாருக்கீங்களா அண்ணா” என்று அவள் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. பொருளை வைத்துச் சுடும் பீங்கான் தட்டைக் காட்டினார். பொருள் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் வெள்ளைத் தூள் தூவியிருந்தது. சாட்சிக் கட்டை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, தட்டின் மூலையைத் தொட்டார். எப்போதும் அதே மூலை. கட்டையில் பொறித்த அம்புக்குறி மேலே பார்க்க. இதில் நாக்கு எத்தனை வைப்பீர்கள் என்று சர்வேயர் கேட்டார்.

“இருபத்துநாலு” என்றார் உலைக்காரர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

இதற்குள் அண்ணி அலமாரிப் பக்கம் போய்விட்டாள். ஐந்தாவது லோடு என்று எழுதிய பெட்டி அங்கே இருந்தது, இன்னும் அனுப்பப்படாதது. மேலே ஒட்டிய சீட்டில் தேதி. பதினைந்து நாள் முந்தையது. அண்ணி மூடியைத் திறந்து, வேறென்ன செய்வாள், எண்ணினாள். “சரியா இருபத்துநாலு, நாத்தனாரே” என்று வந்து காதில் சொன்னாள். “அந்த ஆள் பொய் சொல்லலை. எனக்கென்னமோ இந்தப் பொண்ணுதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கா.”

சர்வேயர் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு நாக்கை எடுத்துப் பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள் இதிலும் இருந்தன. அகலமான முகத்தில்.

வெளியே வரும்போது வாட்ச்மேனிடம் மேனேஜரின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். பாவம், ஒரு வருடமாக அந்த வலி என்றார் வாட்ச்மேன். “ஆனா இருபது நாளா படிதாம்மா. டாக்டர் நடக்கச் சொன்னாராம்.”

காரில் ஏறியதும் அண்ணி குமுறினாள். முட்டி வலிக்காரனைப் படி ஏறச் சொல்கிற டாக்டர் யார், தனக்கும் முட்டி வலிதான், லிஃப்ட் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் டாக்டரிடமே போவேன் என்றாள். சர்வேயர் சிரிக்கவில்லை. நாளைக்கு நாமும் படியில்தான் ஏறப்போகிறோம் என்றார்.

*

மறுநாள் காலை பத்து மணி. மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் முதலாளி, மேனேஜர், அப்பா, மகள், அண்ணி. சர்வேயர் கேட்டுக்கொண்டபடி உலைக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசை நடுவில், பேனாவோடு தயாராக இருந்தது.

சர்வேயர் அந்தத் தாளின்மேல் நாக்கை வைத்தார்.

“மாடல் தப்புன்னா எப்படித் தப்பு வரும்னு பாக்கலாம்” என்றார். “எல்லாரும் இதோட கனத்தையே பேசிட்டிருந்தீங்க. அகலத்தை யாரும் அளக்கலை. இவளும் அளக்கலை. கனம் எட்டு இருக்கணும், எட்டு புள்ளி ஒண்ணு இருக்கு. அகலம் இருபத்துநாலு புள்ளி மூணு இருக்கணும், சரியா இருபத்துநாலு இருக்கு. ஒண்ணு கூட, ஒண்ணு குறைய.”

பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பச்சையில கனம் பத்து. அது இருபது சதவீதம் சுருங்கியிருந்தா எட்டு வந்திருக்கும். எட்டு புள்ளி ஒண்ணு வந்திருக்குன்னா பத்தொன்பதுதான் சுருங்கியிருக்கு. பச்சையில அகலம் முப்பது. பத்தொன்பது சுருங்கியிருந்தா இருபத்துநாலு புள்ளி மூணு. வந்திருக்கறது இருபத்துநாலு. அப்போ இருபது சதவீதம் சுருங்கியிருக்கு. இவ சொன்ன ரெண்டு எண்ணும் அச்சு அசலா பலிச்சிருக்கு. இடம்தான் மாறி உக்காந்திருக்கு. கணக்கு தப்பா போயிருந்தா இவ்வளவு சுத்தமா தப்பாது.”

முதலில் பேசியது தையல்காரர்தான், தனக்குத்தானே சொல்வது போல.

“துண்டைத் திருப்பிப் போட்டிருக்காங்க.”

மகள் அவரைப் பார்த்தாள். நேற்று அவர் வாயை அடைத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“அதேதான்” என்றார் சர்வேயர். “படுக்க வெச்சுச் சுட வேண்டியதை, அலமாரியில புத்தகம் அடுக்கற மாதிரி விளிம்புல நிறுத்திச் சுட்டிருக்காங்க. அப்போ அகலம் உயரமாயிடுச்சு, எடை அந்தப் பக்கம் அமுக்கிச்சு. தட்டுல தூவின வெள்ளைத் தூள் எதுல ஒட்டியிருக்குன்னு பாருங்க. விளிம்புல. உலையில நின்ன காலோட தடம் அது. ஏன் நிறுத்தினாங்கன்னு மேனேஜரே கடிதத்துல எழுதியிருக்கார். நாலு லோடு, நூத்தி நாப்பத்துநாலு. லோடுக்கு முப்பத்தாறு. படுக்க வெச்சா இந்தத் தட்டுல இருபத்துநாலுக்கு மேல இடம் கிடையாது.”

முதலாளி சாட்சிக் கட்டைகளைப் பற்றிக் கேட்டார். நாக்கு அத்தனையும் தவறென்றால் அவை மட்டும் எப்படிச் சரியாக வந்தன?

“அதை மட்டும் யாரும் திருப்பலை. எப்பவும் போல அம்பு மேல பாக்க, அதே மூலையில வெச்சாங்க. அது தனக்கு நடந்ததைத்தான் சொல்லும். பக்கத்துல நின்ன முப்பத்தாறுக்கு என்ன நடந்ததுன்னு அதுக்குத் தெரியாது. அதைக் கேட்டுட்டு லோடு மொத்தத்தையும் வெளிய அனுப்பியிருக்கீங்க.”

மேனேஜர் உலைக்காரர் பக்கம் திரும்பினார். அடுக்குவது கீழே உள்ளவர்கள் வேலை, அவர்கள் எதையாவது மாற்றினால் தனக்கு எப்படித் தெரியும் என்றார். குரல் நடுங்கவில்லை. கீழே இருப்பவன் தலையில் பழியைப் போடுவது அவருக்குப் பழகிய வேலை போலிருந்தது.

உலைக்காரர் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார்.

“நிறுத்தி வை, முப்பத்தாறு வேணும்னு சொன்னது சார்தாங்க. வாயாலதான் சொன்னார், காகிதத்துல இல்ல. நேத்து இவங்க கேட்டப்போ இருபத்துநாலுன்னு சொன்னேன், பயம். ஆனா நான் சும்மா நிறுத்தலை. முதல் லோடுக்கு முன்னாடி மேல வந்து கேட்டேன்.” அவர் பெண்ணைப் பார்த்தார், இரண்டு நாளில் இதுதான் முதல் தடவை. “உன்கிட்டத்தாம்மா கேட்டேன். நீ காதுல அதை மாட்டிக்கிட்டு வேலையா இருந்தே. ‘படுக்கப் போடாம நிறுத்தி வெச்சா கணக்கு தாங்குமா’ன்னு கேட்டேன். நீ திரும்பலை. கையை இப்படித் தூக்கி, ‘அதெல்லாம் மாடல் பாத்துக்கும் அண்ணா’ன்னு சொன்னே.”

பெண் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாசலுக்கு முதுகு காட்டிய அந்த நாற்காலி, முடிக்க வேண்டிய ஏதோ ஒரு வரி, பின்னால் தயங்கி நின்ற யாரோ. எல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்திருக்க வேண்டும்.

“சொன்னேன்” என்றாள். “காதுல சரியா விழக்கூட இல்ல. ஆனா சொன்னேன்.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். முதலாளியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இரண்டு பக்கமும் தவறு, பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற நிம்மதி. தவறான புரிதல் என்று ஏதோ தொடங்கினார்.

“இன்னும் முடியலை” என்றார் சர்வேயர். “தெரியாம செஞ்சது வேற, தெரிஞ்சும் மறைச்சது வேற. அஞ்சாவது லோடு கீழ இருக்கு. அதுல இருபத்துநாலு. புள்ளி அகலமான முகத்துல. அதாவது படுக்க வெச்சுச் சுட்டது. சீட்டுல தேதி பதினாறு நாளுக்கு முந்தி. விபத்து நடந்து இன்னியோட பதிமூணு நாள். மெக்கானிக்கோட விரல் போறதுக்கு முன்னாடியே யாரோ மறுபடி படுக்க வைக்கச் சொல்லியிருக்காங்க. யாரு?”

“சார்தான்” என்றார் உலைக்காரர். “ஒரு நாள் காலிப்பரோட வந்து, அனுப்பக் கட்டி வெச்சிருந்ததுல ஒண்ணை அளந்தார். ரெண்டு பக்கமும் அளந்தார். அப்புறம், இனிமே படுக்க வைன்னார். ஏன்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னார்.”

மேனேஜர் அது ஒரு சாதாரண சோதனை என்றார். வெளியே போனவற்றில் ஆபத்து இருக்கும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார்.

சர்வேயர் அவரை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“உங்களுக்கு ஒரு வருஷமா முட்டி வலி. இருபது நாளா நாப்பத்தெட்டுப் படி ஏறி இறங்கறீங்க. இந்தக் கட்டட லிஃப்ட்ல இருக்கறது முதல் லோடு நாக்கு. ஆபத்துன்னு உங்களுக்குத் தோணியிருக்கு. உங்க உடம்புக்கு மட்டும் தோணியிருக்கு. முந்தாநேத்து வரைக்கும் இந்த ஆபீஸ்ல எத்தனை பேர் அதுல ஏறினாங்களோ தெரியாது. நேத்து நாங்க நாலு பேர் ஏறினோம். பொத்தானை நீங்கதான் அழுத்தினீங்க. ‘நீங்க இதுல வாங்க’ன்னு சொல்லிட்டுப் படியில நின்னு பாத்தீங்க.”

தையல்காரர் கையை மெதுவாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், நேற்று லிஃப்ட் கதவைத் தொட்டுப் பார்த்த கை.

மேனேஜருக்குச் சொல்வதற்கு ஒரு டாக்டர்கூட மிச்சம் இல்லை.

முதலாளிதான் பேசினார். அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்றார். பெண்ணின் வேலைக்கு ஒன்றும் வராது என்றார். வெளியே இருக்கிற நாக்குகளை என்ன செய்வது என்பதை மட்டும் நிதானமாக யோசிக்க வேண்டும், வக்கீலைக் கலந்துகொண்டு, இரண்டு நாளில் முடிவு சொல்வதாகச் சொன்னார். கேட்பதற்கு எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

பெண் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கிழிக்கவில்லை. திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் அப்பாவிடம் நீட்டினாள். அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கணக்குச் சரி, நாக்குகளைத் திருப்பி வைத்ததுதான் தவறு, திருப்பச் சொன்னவர் மேனேஜர், சரியாக இருக்குமா என்று உலைக்காரர் நேரில் வந்து கேட்டார், நான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னேன், அது என் தவறு.

“கடைசி வரி வேணுமாம்மா?” என்று கேட்டார் அப்பா. “அதை எழுதலைன்னா உனக்கு ஒண்ணும் இல்லையே.”

“அதை விட்டா அது இவங்க எழுதின காகிதம் மாதிரி ஆயிடும்பா.”

அவர் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி இரண்டு நாள் என்று மறுபடி சொன்னார். அவள் எழுந்து, மூலையிலிருந்த டெலிபோனை எடுத்தாள். லிஃப்ட் கம்பெனியின் எண், திரும்பி வந்த நாக்கோடு இருந்த அனுப்புச் சீட்டிலேயே இருந்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். யார் பேசுவது, எந்தப் பிரிவு என்று கேட்டிருக்க வேண்டும்.

“அந்த நாக்குக்குக் கணக்குப் போட்டவ பேசறேன்” என்றாள். “லிஃப்டெல்லாம் நிறுத்தணும். இப்பவே. எத்தனைன்னு எழுதிக்கோங்க.”

அவள் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது. செய்தது நூற்று நாற்பத்துநான்கு. ஆஸ்பத்திரியில் சிக்கியது ஒன்று, மேசைமேல் கிடப்பது ஒன்று, கீழே லிஃப்டில் ஒன்று.

“நூத்தி நாப்பத்தொண்ணு” என்றாள் அண்ணி, மெதுவாக, அவளுக்காக எண்ணி.